ஒரே லினக்ஸ், இரண்டு விதப் பொட்டலம்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர் ஒருவர், தான் ஒரு புதிய லினக்ஸ் தயாரித்துக்கொண்டிருப்பதாக இணையத்தில் அறிவித்தார். அவர் பெயர் இயன் மர்டாக். காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் சேர்த்து அதற்கு டெபியன் என்று பெயர் வைத்தார். உபுண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் அரசுப் பள்ளிக் கணினிகளில் பாஸ் லினக்ஸ் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் தாய் இந்த டெபியன்தான்.

டெபியனின் முழு வரலாற்றையும் எழுதப்போவதில்லை. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மென்பொருளை எந்த வகைப் பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பது என்ற கேள்வி. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும், ஒரு மென்பொருளைப் பதிவிறக்கப் போனால் "டெப் வேண்டுமா, ஆர்.பி.எம். வேண்டுமா" என்று கேட்கும். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மென்பொருள். பிறகு ஏன் இரண்டு? என் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டிச் செய்தி அளவுக்குப் பதில் சொல்லலாம். ஆனால் உண்மையான பதில் இருபது ஆண்டுக் கதை.

முதலில் பொட்டலம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நிரலாளர் எழுதுவது மூல நிரல். அது அரிசியும் உளுந்தும் மாதிரி. அப்படியே தின்ன முடியாது. ஊறவைத்து அரைத்தால்தான் மாவு. கணினியில் இந்த அரைக்கும் வேலைக்குக் கம்பைல் செய்வது என்று பெயர். விண்டோஸ் போன்ற வணிக இயங்குதளங்களில் கம்பெனியே அரைத்துக் கொடுத்துவிடும். அரிசியைக் கண்ணில் காட்டாது. திறமூல உலகத்தில் அரிசி எல்லோருக்கும் இலவசம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டுக்கல் வேண்டும், அரைக்கத் தெரிய வேண்டும். யாராவது ஒருவர் அரைத்து, எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு என்று சீட்டு எழுதி, பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். அந்தப் பொட்டலத்தைத்தான் தமிழ்க் கணிமை நண்பர்கள் பொதி என்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

பொதிக்குள் மாவு மட்டும் இருந்தால் போதாது. இட்லி ஊற்றத் தட்டு வேண்டும், துணி வேண்டும், பானை வேண்டும். ஒரு மென்பொருள் ஓட வேறு பத்து மென்பொருள் தேவைப்படும். இதற்குச் சார்பு என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். கதையில் சண்டை முழுக்க இதைச் சுற்றித்தான்.

1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது இயங்குதளத்தின் கரு மட்டும். அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, முழுச் சாப்பாடாக இலையில் வைத்துக் கொடுப்பவர்கள் தனியாகத் தோன்றினார்கள். அப்படிக் கொடுப்பதற்கு வழங்கல் என்று பெயர். 1992-இல் பீட்டர் மெக்டொனால்ட் என்பவர் கொடுத்த எஸ்.எல்.எஸ். என்ற வழங்கல் பெயர் பெற்றது. அதைச் சீர்செய்து 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் வெளியிட்டார். ஸ்லாக்வேர் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பொதி மிக எளிமையானது. கோப்புகளை டார் என்ற பழைய யூனிக்ஸ் முறையில் கட்டி, அழுத்திச் சுருக்கிய கட்டு. டார் என்றால் டேப் ஆர்க்கைவ். காந்த நாடாவில் கோப்புகளைச் சேமித்த காலத்துச் சொல். அந்தக் கட்டில் சார்பு பற்றிய சீட்டு எதுவும் கிடையாது. எது எதற்கு வேண்டும் என்பது நிறுவுபவர் பாடு. இன்றும் ஸ்லாக்வேர் அப்படித்தான். அது ஒரு கொள்கை, குறை என்று சொல்ல மாட்டேன்.

மர்டாக்கிற்கு எஸ்.எல்.எஸ். மேல் கோபம். பிழைகள் நிறைந்தது, யாரும் சரியாகப் பராமரிப்பதில்லை என்று தன் டெபியன் அறிக்கையில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். இருபது வயதுக்கு உரிய வேகம். ஆனால் நோயை அவர் சரியாகக் கண்டுபிடித்தார். ஒரு வழங்கல் முழுவதையும் ஒரே ஆள் சுமப்பதுதான் நோய். ஆயிரம் மென்பொருளை ஒருவர் எப்படிக் கவனிப்பார்? வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முன்பின் பார்த்திராத, வேறு வேறு நாட்டில் இருக்கும் நூறு பேர் ஆளுக்கொரு பொதியைக் கட்டினால், அந்த நூறும் ஒன்றாகச் சேர்ந்து ஓட வேண்டும். அதற்கு என்ன வேண்டும்? பொதிக்கு ஒரு பொது வடிவம், அதைக் கட்டுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி.

இதைத்தான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். டெபியனில் பொதி வடிவம் என்பது முதலில் பயனாளருக்கு வசதியாக வந்ததல்ல. தன்னார்வலர்கள் தங்களுக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வந்தது. கிராமத்தில் திருவிழாவுக்கு ஒரு வீட்டில் வாழையிலை, ஒரு வீட்டில் தயிர், ஒரு வீட்டில் விறகு என்று பிரித்துவிடுவார்களே, அந்த மாதிரி.

மர்டாக் முதலில் எழுதியது ஒரு சிறிய ஷெல் நிரல். பெயர் டெபியன் பேக்கேஜ் என்பதன் சுருக்கமாக டி.பி.கே.ஜி. பிறகு வேறு சிலர் சேர்ந்து பெர்ல் மொழியில் எழுதினார்கள். 1994-இல் இயன் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ்காரர் முக்கியப் பகுதியை சி மொழியில் திரும்ப எழுதினார். இரண்டு இயன்களின் வேலை. ஜாக்சன் காலத்தில் டெப் கோப்பின் உள்ளமைப்பும் ஒருமுறை மாறியது. 1990களின் நடுவில் வந்த அந்த வடிவம்தான் இன்றுவரை இருக்கிறது.

அந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டெப் கோப்பு என்பது புதிதாகக் கண்டுபிடித்த பொருளே அல்ல. யூனிக்ஸில் பழங்காலம் முதல் இருக்கும் ஏ.ஆர். என்ற கட்டுமுறையில் மூன்று பொருள்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று, வடிவத்தின் பதிப்பு எண். இரண்டு, சீட்டு: பொதியின் பெயர், யார் பொறுப்பு, எதெல்லாம் சார்பு, நிறுவும்போது ஓட வேண்டிய நிரல்கள். மூன்று, உள்ளே போட வேண்டிய கோப்புகள். பின்னிரண்டும் நாம் முன்பு பார்த்த டார் கட்டுகள். ஆகவே டெபியனே இல்லாத யூனிக்ஸ் கணினியிலும், டி.பி.கே.ஜி. இல்லாமலே, ஒரு டெப் பொதியைப் பிரித்துவிட முடியும். வீட்டில் கத்தரிக்கோல் இல்லாவிட்டாலும் பிரிக்கிற மாதிரி மளிகைக்கடைக்காரர் நூல் சுற்றுவாரே, அந்தப் புத்தி.

இதே நேரத்தில் வடகரோலினா மாநிலத்தில் இன்னொரு கதை. மார்க் யூயிங், பாப் யங் இருவரும் சேர்ந்து ரெட் ஹேட் என்ற கம்பெனியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் வெளியீடுகளில் ஆர்.பி.பி. என்ற பொதி முறை இருந்தது. நிறுவிய பொதிகளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கோப்புகள் மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம். நல்ல வசதி. ஆனால் மூல நிரலை எழுதியவர் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு பொதி கட்ட அதில் வழியில்லை. அதே காலத்தில் போகஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலுக்காக பி.எம்.எஸ். என்று ஒரு முறை எழுதியிருந்தார்கள். அதில் மூல நிரலைக் கை வைக்காமல் தனியாக வைத்து, தாங்கள் செய்த திருத்தங்களைத் தனிச் சீட்டாகக் கூட வைப்பார்கள். இரண்டின் நல்ல குணத்தையும் சேர்த்து மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் எழுதியதுதான் ஆர்.பி.எம். 1995-இல் ரெட் ஹேட் 2.0 வெளியீட்டோடு வந்தது. முதலில் பெர்ல், பிறகு சி. டி.பி.கே.ஜி. போன அதே வழி.

திருத்தத்தைத் தனியாக வைப்பதன் அருமை ஆசிரியர்களுக்கு உடனே புரியும். மாணவன் எழுதிய கட்டுரையின் மேலேயே அழித்து அழித்துத் திருத்தினால், கடைசியில் அவன் எழுதியது எது, நாம் எழுதியது எது என்று தெரியாது. தனித் தாளில் திருத்தம் எழுதினால், அவன் அடுத்த வாரம் கட்டுரையை மாற்றிக் கொண்டுவந்தாலும் நம் குறிப்புகளை எடுத்துப் பொருத்தலாம். மென்பொருளில் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். ரெட் ஹேட் சிறிய கம்பெனி. ஆட்கள் குறைவு. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவர்களால் முடியாது. அந்தக் கம்பெனியின் தேவை ஆர்.பி.எம்.மின் உடம்பில் அப்படியே பதிந்திருக்கிறது.

இன்னொரு வேறுபாடு. டெபியன் பொதி நிறுவும்போது கேள்வி கேட்கும். "உங்கள் அஞ்சல் சேவை எப்படி இருக்க வேண்டும்?" என்பது போல. தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவரை மனத்தில் வைத்துக் கட்டியது அது. ஆர்.பி.எம். வாயே திறக்காது. நிறுவும்போது கேள்வி கேட்கக்கூடாது என்பது அதன் விதி. ஒரே நேரத்தில் ஐந்நூறு கணினிகளில் நிறுவும் நிறுவன ஊழியர் ஒவ்வொன்றின் முன்பும் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? எது நல்லது என்று கேட்டால், யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

டெபியன் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள். 1996 ஜூனில் 474 பொதிகள். 1997 ஜூனில் 974. 1998 ஜூலையில் 1,500-க்கு மேல், கட்டுபவர்கள் 400-க்கு மேல். 2023-இல் வந்த டெபியன் 12-இல் 64,419. மர்டாக் கணக்குப் போட்ட வேலைப் பங்கீடு பலித்தது. அவர் 1996 மார்ச்சிலேயே தலைமையிலிருந்து விலகிவிட்டார். வேலை நிற்கவில்லை. தொடங்கியவர் போன பிறகும் ஓடுகிறதா என்பதுதான் எந்த அமைப்புக்கும் சோதனை. நான் பார்த்த எத்தனையோ பள்ளித் திட்டங்கள் அந்தத் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போன மாதமே நின்றுபோயின.

ஆர்.பி.எம். வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மனியின் சூசே, பிரான்சின் மாண்ட்ரேக், அமெரிக்காவின் கால்டெரா, பிரேசிலின் கனெக்டிவா என்று பல வணிக வழங்கல்கள் அதை எடுத்துக்கொண்டன. முதலில் ரெட் ஹேட் பேக்கேஜ் மேனேஜர் என்று விரித்த பெயரைப் பின்னாளில் ஆர்.பி.எம். பேக்கேஜ் மேனேஜர் என்று மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொது என்று காட்ட. எண்ணிக்கையில் பார்த்தால் ஆர்.பி.எம். ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் இங்கேதான் சிக்கல். ரெட் ஹேட்டுக்குக் கட்டிய ஆர்.பி.எம். பொதியைச் சூசேயில் போட்டால் பல நேரம் ஓடாது. கோப்பின் வால் ஒன்றுதான், உள்ளே எழுதிய சீட்டு வேறு. ஒரே நூலகத்தை ஒருவர் ஒரு பெயரில் குறிப்பிடுவார், மற்றவர் வேறு பெயரில். ஒருவரிடம் பழைய பதிப்பு, இன்னொருவரிடம் புதியது. ஒரு பொதியை நிறுவப் போனால் "அது இல்லை" என்று சொல்லும். அதைத் தேடி எடுத்தால் "இது இல்லை" என்று சொல்லும். இதற்கு ஆர்.பி.எம். நரகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

டெபியனில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்கு டெப் வடிவம் உயர்ந்தது என்று நிறைய பேர் காரணம் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெபியனுக்குக் கொள்கைக் கையேடு என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும், பொதிக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும், சார்பை எப்படி எழுத வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி. நானூறு பேரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆர்.பி.எம். உலகில் அப்படி எல்லோருக்கும் பொதுவான கையேடு இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கையேடு. அவை ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகள்.

1998-இல் டெபியன்காரர்கள் ஏ.பி.டி. என்ற கருவியைத் தொடங்கினார்கள். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் அது சேர்ந்தது. பொதியின் பெயரைச் சொன்னால் போதும், அதற்கு வேண்டிய எல்லாச் சார்புகளையும் இணையத்திலிருந்து தானே எடுத்து, வரிசைப்படி நிறுவிவிடும். ஆர்.பி.எம். பக்கத்தினர் சும்மா இருக்கவில்லை. கனெக்டிவா ஏ.பி.டி.யையே ஆர்.பி.எம்.முக்குப் பொருந்தும்படி மாற்றியது. டியூக் பல்கலைக்கழகத்தில் செத் விடல் யம் என்ற கருவியை வளர்த்தார். யெல்லோ டாக் என்ற லினக்ஸுக்காக எழுதிய கருவியை மாற்றி எழுதியது, அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. யம் வந்த பிறகு நரகம் ஓரளவு ஓய்ந்தது.

இந்த இரண்டு வடிவங்களும் நம் ஊருக்கும் வந்தன. 2006-07 வாக்கில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அது ஆர்.பி.எம். பிறகு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பள்ளிகளுக்கு வந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் பாஸ் இருந்தது. அது டெபியன் வழி, ஆகவே டெப். நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் இரண்டு கணினிகள் இருந்தன, இணையம் இல்லை. ஏ.பி.டி.யின் அற்புதமெல்லாம் இணையம் இருக்கும் இடத்தில்தான். இல்லாத இடத்தில் ஒரு பொதியைப் பென் டிரைவில் கொண்டுவந்தால், கணினி நான்கு சார்புகளின் பெயரைச் சொல்லும். அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மறுநாள் டவுனில் பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கி வந்தால், இன்னும் இரண்டு பெயர் சொல்லும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை வட்டாரப் பயிற்சி ஒன்றில் கொடுத்த குறுந்தகட்டில் இருந்தவை எல்லாம் ஆர்.பி.எம். பொதிகள். எங்கள் கணினிகளில் இருந்ததோ பாஸ். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கோ வடகரோலினாவிலும் இண்டியானாவிலும் எடுத்த முடிவு, அரசுப் பள்ளியின் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலை என்ன செய்தது என்று காட்டவே எழுதுகிறேன்.

இரண்டில் ஒன்றைப் பொதுவாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன என்று அந்த நாட்டுக்காரர்களுக்கும் தோன்றாமல் இல்லை. 1998-இல் லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற முயற்சி தொடங்கியது. சுருக்கமாக எல்.எஸ்.பி. தொடங்கியவர் ப்ரூஸ் பெரென்ஸ். டெபியனில் மர்டாக்கிற்கு அடுத்துத் தலைவராக இருந்தவர். 2001 ஜூனில் முதல் பதிப்பு வந்தது. அதில் பொது வடிவமாகத் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? ஆர்.பி.எம்.! அதுவும் முழு ஆர்.பி.எம். இல்லை, அதன் ஒரு பகுதி. வணிக வழங்கல்களில் பெரும்பாலானவை ஆர்.பி.எம். என்பது ஒரு காரணம். டெபியனில் ஏலியன் என்ற கருவி ஆர்.பி.எம்.மை டெப்பாக மாற்றிவிடும் என்பது இன்னொன்று.

எல்.எஸ்.பி. சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் ஆர்.பி.எம்.முக்கு மாறுங்கள் என்று அது சொல்லவில்லை. இந்த வடிவத்தில் ஒரு பொதி வந்தால் எப்படியாவது நிறுவிக் கொடுங்கள், அது போதும் என்றது. வெளிக் கம்பெனிகள் கட்டும் அந்தப் பொதி எல்.எஸ்.பி. என்ற ஒரே சார்பை மட்டும் கேட்க வேண்டும். வேறு எதுவும் கேட்கக்கூடாது. தாளில் பார்த்தால் மிகவும் நியாயமான ஏற்பாடு. டெபியனின் சுயமரியாதையும் கெடவில்லை, கம்பெனிகளுக்கும் ஒரே பொதி.

ஆனால் பொதி கட்டுபவர்கள் வரவில்லை. 2015-இல் டெபியன் எல்.எஸ்.பி. ஆதரவைக் கைவிட்டது. அப்போது டெபியன் தரப்பில் எடுத்துக்காட்டிய கணக்கு இது: சான்று பெற்ற செயலிகள் 8, அவற்றைத் தயாரித்த கம்பெனிகள் 6. பதினான்கு ஆண்டுத் தரநிலைக்கு எட்டுச் செயலிகள். பந்தல் போட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தார்கள். பந்திக்கு ஆள் வரவில்லை. வடிவத்தைக் குழு தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பொதியையும் கட்டி, பிழை வந்தால் பதில் சொல்லி, பத்தாண்டு பார்த்துக்கொள்ளும் ஆளைக் குழுவால் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

இந்தக் கதையில் என்னைத் திகைக்க வைத்த பகுதி இனிதான். 2006-இல் அந்த எல்.எஸ்.பி.யின் பொறுப்புக்கு வந்தவர் யார்? இயன் மர்டாக்! டெப்பைப் பிறப்பித்தவர், ஆர்.பி.எம்.மைப் பொது வடிவமாக எழுதிவைத்த தரநிலைக்குக் காவலராக உட்கார்ந்தார். ஆர்.பி.எம்., டெப் இரண்டு தரப்பையும் பேச வைக்க முயன்றார். லினக்ஸ் இந்தத் தொழிலுக்குக் கொடுத்த மிகப் பெரிய முன்னேற்றம் பொதி மேலாண்மைதான் என்பது அவர் கருத்து. டெப்தான் உயர்ந்தது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டார்.

2007 மார்ச்சில் அவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனிக்குப் போனார். சன் தன் சோலாரிஸ் இயங்குதளத்தைத் திறமூலமாக்கியிருந்தது. ஆனால் லினக்ஸ் பழகியவர்களுக்கு அது கரடுமுரடாக இருந்தது. முக்கியமாகப் பொதி முறை. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்துப் பழைய முறை. இணையத்திலிருந்து சார்புகளைத் தானே எடுத்துக்கொள்ளும் வழக்கமெல்லாம் அதற்கு இல்லை. மர்டாக் தலைமையில் தொடங்கிய திட்டத்துக்கு இண்டியானா என்றே பெயர்.

இப்போது அவர்கள் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? டெப்பை எடுத்திருக்கலாம். நெக்சென்டா என்ற குழு ஏற்கெனவே சோலாரிஸ் கருவின் மேல் டெப்பையும் ஏ.பி.டி.யையும் ஓட வைத்துக் காட்டியிருந்தது. ஆள் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, கருவி தயார். இருந்தும் சன் மூன்றாவதாக ஒன்றைப் புதிதாக எழுதியது. ஐ.பி.எஸ். என்று பெயர். ஸ்டீபன் ஹான் என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. 2008 மே மாதம் ஓப்பன்சோலாரிஸோடு வெளிவந்தது.

ஏன் புதிது? டெப்பிலும் ஆர்.பி.எம்.மிலும் நிறுவும்போது ஓடும் சிறு நிரல்கள் உண்டு என்று சொன்னேன் அல்லவா? பொதி கட்டியவர் என்ன வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அந்தச் சுதந்திரம் சன் பொறியாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்கள். ஒரே கணினிக்குள் பல பிரிவுகள் ஓடும். தவறான ஒரு நிரல் பாதியில் நின்றால் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே ஐ.பி.எஸ். பொதியில் கண்டபடி நிரல் எழுத இடமே கிடையாது. "இந்தக் கோப்பு இங்கே, இந்தப் பயனர் இப்படி" என்று பட்டியல் மட்டும் எழுதலாம். புதுப்பிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல், இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையின் உதவியால் ஒரு நகல் எடுத்து, நகலில் மாற்றம் செய்து, மறுமுறை கணினியை இயக்கும்போது நகலுக்குப் போகலாம். பிடிக்கவில்லையா, பழையதற்கே திரும்பலாம். பொறியியலாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் தெளிவாகச் சிந்தித்துக் கட்டியது என்று எனக்குப் படுகிறது.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓப்பன்சோலாரிஸ் நின்றது. ஐ.பி.எஸ். ஆரக்கிளின் சோலாரிஸ் 11-க்குள் இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓப்பன்இண்டியானாவிலும் இருக்கிறது. டெபியனில் பல்லாயிரம் பொதி கட்டும் கூட்டம் இருக்கிறதே, அது அங்கே வந்து சேரவில்லை.

அதே 2010-இல் இன்னொரு தேர்வு நடந்தது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோக்கியாவிடம் மேமோ என்ற கைப்பேசி லினக்ஸ். அது டெப். இன்டெலிடம் மோப்லின். அது ஆர்.பி.எம். இரண்டையும் இணைத்து மீகோ என்று பிப்ரவரியில் பார்சிலோனாவில் அறிவித்தார்கள். ஆர்.பி.எம். என்று முடிவாயிற்று. மேமோவுக்கு டெப் பொதிகள் கட்டிவந்தவர்களுக்கு வருத்தம். சரியாக ஓராண்டில், 2011 பிப்ரவரியில், நோக்கியா மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபோனுக்குப் போய்விட்டது. நம் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை 2014-இல் மூடிய கதை உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், மீகோ பெயரில் நோக்கியா விற்ற என்9 கைப்பேசிக்குள் இருந்தது பழைய டெப்தான். கூட்டத்தில் தேர்ந்தெடுத்தது ஒன்று, கைப்பேசிக்குள் போனது வேறு. முன்பே எழுதி ஓடிக்கொண்டிருந்தது அதுதானே. பிறகு சாம்சங்கும் இன்டெலும் சேர்ந்து தொடங்கிய டைசனும், பழைய நோக்கியா ஆட்கள் தொடங்கிய செயில்ஃபிஷும் ஆர்.பி.எம்.மையே வைத்துக்கொண்டன.

இப்போது ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று புதிய வடிவங்கள் வந்திருக்கின்றன. சார்புகளில் பெரும்பகுதியைப் பொதியோடு சேர்த்தோ தனி அடுக்காகவோ கொடுத்துவிடும். எந்த லினக்ஸிலும் ஓடும். இட்லிப் பானையையும் சேர்த்தே பார்சல் கட்டுகிற மாதிரி. பொதி பெரிதாகத்தான் இருக்கும். இணையமில்லாத பள்ளிக்கு இது அப்போதே வந்திருந்தால் என் வெள்ளிக்கிழமைகள் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பழைய நூலகத்தில் ஓட்டை தெரிந்தால் அதை அடைப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. டெபியனில் ஒரு நூலகத்தைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாப் பொதிகளும் ஒரேயடியாகப் பயன் பெறும்.

மர்டாக் 2015 டிசம்பர் 28 அன்று இறந்தார். வயது 42. 2017-இல் வந்த டெபியன் 9 வெளியீட்டை அவர் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள்.

கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். பாஸ், உபுண்டு எதுவானாலும் சரி. ஏதாவது ஒரு டெப் கோப்பை எடுத்து, ஏ.ஆர். என்ற இரண்டெழுத்துக் கட்டளையால் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பொருள்கள் வரும். முதல் கோப்பைத் திறந்தால் ஒரே ஒரு வரி இருக்கும்: 2.0. அடுத்த கட்டுக்குள் சீட்டு இருக்கும். அதில் சார்புகளின் பட்டியலையும், பராமரிப்பாளர் என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.